சம்பளத்தின் ஊற்றைக் கண்டுபிடிப்பது எப்படி

2008-ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில் எங்கள் வரைபட அலுவலகத்தில் ஒரே நாளில் பதினோரு நாற்காலிகள் காலியாயின. அவற்றில் ஒன்று என்னுடையது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வரைபடம் வரைவது என் வேலை. அதில் எனக்குப் பதினான்கு ஆண்டு அனுபவம் இருந்தது. அன்று மாலை, என்னோடு ஒன்றாகப் பயிற்சி முடித்த தோழியை அழைத்தேன். அவளும் வரைவாளர்தான். இருவரும் பயன்படுத்தியது ஒரே மென்பொருள், வாங்கியதும் ஏறக்குறைய ஒரே சம்பளம். அவள் வரைந்தவை குடிநீரேற்று நிலையங்களும் கழிவுநீர்க் குழாய்களும். "இங்கே ஆள் போதவில்லை, இரவு எட்டு மணிவரை உட்கார்ந்திருக்கிறோம்" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பல ஆண்டுகள் துரத்தியது. என் திறமையில் குறை இருந்தால் அது அவளுக்கும் இருந்திருக்க வேண்டும். எங்கள் தொழில் செத்திருந்தால் அவளுடையதும் செத்திருக்க வேண்டும். எங்களைப் பிரித்தது தொழிலின் பெயர் அல்ல, எங்கள் சம்பளம் புறப்பட்டு வந்த இடம். பொருளாதாரக் காலம் மாறும்போது யாருக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்க நான் கற்றுக்கொண்ட வழியை இங்கே எழுதுகிறேன். ஒரு தாளும் பேனாவும் போதும்.

படி படியாக மேலே ஏறுங்கள்

தாளின் அடியில் உங்கள் பெயரை எழுதுங்கள். அதற்கு மேலே, உங்களுக்குச் சம்பளம் தருபவர். அதற்கு மேலே, அவருக்குப் பணம் தருபவர். இப்படியே ஏறிக்கொண்டே போங்கள். பெரும்பாலானவர்கள் இரண்டாவது படியில் நின்றுவிடுகிறார்கள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். எனக்குச் சம்பளம் தருவது அலுவலகம், அலுவலகத்துக்குப் பணம் தருவது கட்டுமான நிறுவனம், அந்த நிறுவனமோ பெரியது, ஆகவே பயமில்லை என்று நினைத்தேன்.

இன்னும் இரண்டு படி ஏறியிருந்தால் கதை வேறாகியிருக்கும். கட்டுமான நிறுவனத்துக்குப் பணம் தருவது வீடு வாங்குபவர். அவர் கையில் இருப்பது அவருடைய பணம் அல்ல, இருபது ஆண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டிய வங்கிக் கடன். அந்தக் கடனின் தவணையைத் தீர்மானிப்பது வட்டி விகிதமும், வங்கி கடன் கொடுக்கத் துணிகிறதா என்பதும். ஆக என் சம்பளத்தின் ஊற்று, நான் ஒருநாளும் கவனித்திராத கடன் சந்தையில் இருந்தது.

இது புதிய பாடமும் அல்ல. 1979-இல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவரான பால் வோல்க்கர், விலைவாசியை அடக்க வட்டியைக் கடுமையாக உயர விட்டார். 1981 அக்டோபரில் அங்கே வீட்டுக் கடன் வட்டி 18 சதவீதத்தைத் தாண்டியது. வீடு கட்டுபவர்கள், விற்காத வீடுகளுக்கென வாங்கி வைத்திருந்த மரச் சட்டங்களைத் துண்டாக்கி, அவற்றின்மேல் தங்கள் முறையீட்டை எழுதி மத்திய வங்கிக்கே அஞ்சலில் அனுப்பினார்கள். தச்சருக்கு மத்திய வங்கியின் முகவரி எதற்குத் தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். ஊற்று எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2006-இல் அமெரிக்காவில் கட்டுமானத் துறையில் சுமார் 77 லட்சம் பேர் வேலையில் இருந்தார்கள். 2011-இன் தொடக்கத்தில் அது சுமார் 55 லட்சமாகச் சுருங்கியது. 2008 நெருக்கடியாக இரண்டாவது முறை அடித்த இந்த வெள்ளத்தில்தான் என் தலைமுறை அகப்பட்டது.

தோழியின் தாளில் ஏறினால் வரிப்பணம் வரும். அதன் இயல்பு வேறு. வரிப்பணம் உடனே வற்றாது. வருமானமும் சொத்து மதிப்பும் விழுந்து, அதனால் வரி வசூல் குறைந்து, அது அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் வெட்டாக விழும்வரை காலம் பிடிக்கும். மந்தநிலையின்போது அரசு செலவைக் கூட்டவும் செய்யும். அதனால்தான் 2009-இல் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனால் நான் மெல்ல மீண்டுகொண்டிருந்த 2011, 2012-இல் அவளுடைய துறையில் புதிய பணியிடங்கள் முடக்கப்பட்டன, ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படவில்லை. அமெரிக்காவிலும் அதே ஆண்டுகளில், மந்தநிலை முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட பிறகுதான் உள்ளாட்சிப் பள்ளி ஆசிரியர்கள் பெருமளவில் வேலை இழந்தார்கள். அரசுப் பணத்தில் வாழ்பவர்கள் புயல் கடந்துவிட்டதென்று நினைக்கும் வேளையில்தான் தங்கள் கூரையைச் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது ஊற்று முதலீட்டாளர் பணம். இன்னும் லாபம் காணாத நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் இதில் அடங்குவார்கள். என்றோ ஒருநாள் வரப்போகும் லாபத்துக்காக இன்றைக்குச் சம்பளம் கொடுக்கும் பொறுமை, வட்டி பூஜ்யத்தை ஒட்டியிருக்கும்போது எளிதில் கிடைக்கும். அபாயம் இல்லாமல் 5 சதவீதம் கிடைக்கும் காலத்தில் அந்தப் பொறுமை மறைந்துவிடும். 2022 மார்ச்சில் ஏறத் தொடங்கிய அமெரிக்க வட்டி விகிதம், 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 சதவீதம் என்ற அளவைத் தொட்டது. அதே மாதங்களில் தொழில்நுட்ப நிறுவனங்களில் ஆட்குறைப்புச் செய்திகள் வரிசையாக வந்தன. நல்ல நிரலாளர்கள் தங்களிடம் என்ன பிழை என்று கேட்டு உறக்கத்தை இழந்தார்கள். அவர்களிடம் பிழை எதுவும் இல்லை.

நான்காவது, மண்ணிலிருந்து எடுத்து உலகச் சந்தையில் விற்கும் பொருள்: எண்ணெய், தாது, தானியம். 2014 ஜூனில் பீப்பாய்க்கு 115 டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. இந்தத் துறைக்காரர்கள் செழிப்பான ஆண்டின் சம்பளத்தை வைத்து நீண்டகாலக் கடன் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தாவது, குடும்பங்கள் தங்கள் மாத வருமானத்திலிருந்து நேரடியாகச் செலவிடும் பணம். இங்கே ஒரே கேள்விதான்: அந்தச் செலவைத் தள்ளிப்போட முடியுமா? புதிய காரை இரண்டு ஆண்டு தள்ளிப்போடலாம், பழைய காரின் பிரேக்கைத் தள்ளிப்போட முடியாது. விற்பனையாளர் வாடும் காலத்தில் பழுதுபார்ப்பவருக்கு வேலை கூடுவது இதனால்தான். மருத்துவத்தையும் தள்ளிப்போட முடியாது என்பார்கள். 2008-09 நெருக்கடியில் அது உண்மையாகவே இருந்தது. அமெரிக்க மருத்துவத் துறையில் வேலைகள் அப்போதும் பெருகிக்கொண்டிருந்தன. ஆனால் 2020 ஏப்ரல் என்ற ஒரே மாதத்தில் அதே துறை சுமார் 14 லட்சம் வேலைகளை இழந்தது. பல் மருத்துவமனைகள் பூட்டப்பட்டன, அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. நெருக்கடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து, பத்திரமான துறை என்பதும் மாறும்.

பலருடைய தாளில் இரண்டு ஊற்றுகள் கலந்திருக்கும். அது நல்லதுதான். எது எவ்வளவு என்று தோராயமாகவாவது குறித்துவையுங்கள்.

அலையா, ஆறு திசை மாறியதா?

ஊற்றைக் கண்டுபிடித்தாயிற்று. வந்திருக்கும் சரிவு கடந்துபோகும் அலையா, நிரந்தரத் திசைமாற்றமா என்ற அடுத்த கேள்வியைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் இதில் தவறியவர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

1994-இல் நான் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் வரைபலகைகள் இருந்தன. வடிவமைப்பாளர் பென்சிலில் வரைந்ததை ஒளிபுகும் தாளில் மையால் படியெடுக்க மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுடைய எழுத்து அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். கணினி வரைவு மென்பொருள் ஏற்கனவே இருந்தாலும், அலுவலகத்தின் ஒரு மூலையில்தான் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து வேலை மந்தமானது. மூவரையும் "நிலைமை சரியானதும் அழைக்கிறோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். நிலைமை சரியானது. வரைபடங்கள் முன்னைவிட இருமடங்கு வெளியே போயின. அந்த மூவரையும் யாரும் அழைக்கவில்லை. அவர்களில் மூத்தவர் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். பொய் சொல்லி அனுப்பினார்கள் என்று நான் நினைக்கவில்லை. அலை வடிவத்தில் வந்தது உண்மையில் திசைமாற்றம் என்பது சொன்னவர்களுக்கே தெரியாது.

நிறுவனங்கள் நல்ல காலத்தில் பழைய முறையை இழுத்துக்கொண்டே போகும். மாற்றத்தைச் செய்வது கெட்ட காலத்தில்தான். வழக்கமான, திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளின் இழப்பு பெரும்பாலும் மந்தநிலைகளின்போதே நிகழ்கிறது, மீட்சியில் அவை திரும்புவதில்லை என்பதைப் பொருளாதார அறிஞர்கள் நிர் ஜைமோவிச்சும் ஹென்றி சியூவும் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு காட்டியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்த மூத்தவரின் கையெழுத்துத்தான் நினைவுக்கு வந்தது.

பிரித்தறியும் சோதனை எளிது. உங்கள் துறையின் உற்பத்தியும் ஆட்களும் சேர்ந்து குறைகின்றனவா? அது அலை, காத்திருக்கலாம். உற்பத்தி ஏறும்போது ஆட்கள் குறைகிறார்களா? ஆறு திசை மாறிவிட்டது, கரையில் நிற்காதீர்கள்.

1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர் 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். நவீன கன்டெய்னர் போக்குவரத்தின் தொடக்கமாக அதைத்தான் சொல்வார்கள். கைகளால் ஏற்றினால் டன்னுக்கு 5.86 டாலர் ஆன செலவு, பெட்டியில் ஏற்றியபோது 16 சென்டாக விழுந்ததாக அன்றைய கணக்கு. உலகக் கடல் வணிகம் பெருகியது, துறைமுகங்களில் மூட்டை தூக்கியவர்களின் கூட்டம் கரைந்தது. உற்பத்தி மேலே, ஆட்கள் கீழே.

இயந்திரம் வந்தாலே வேலை போகும் என்ற முடிவுக்கும் அவசரப்பட வேண்டாம். அமெரிக்க வங்கிகளில் ஏ.டி.எம். பரவியபோது நகர்ப்புறக் கிளை ஒன்றுக்குத் தேவையான காசாளர்கள் 20-லிருந்து 13 ஆகக் குறைந்தார்கள். ஆனால் கிளை நடத்தும் செலவு இறங்கியதால் வங்கிகள் கிளைகளைப் பெருக்கின. மொத்தக் காசாளர் எண்ணிக்கை பல ஆண்டுகள் சரியவில்லை. பணம் எண்ணுவது இயந்திரத்துக்குப் போக, வாடிக்கையாளரிடம் பேசுவது அவர்களிடம் மிஞ்சியது. பிறகு கைப்பேசியிலேயே வங்கி வந்தபோது கிளைக்கே அவசியம் குறைந்தது, அப்போதுதான் எண்ணிக்கை இறங்கியது. 1979-இல் வந்த விசிகால்க் என்ற, தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருளும் இப்படித்தான். பேரேட்டில் கூட்டிக் கழிப்பவர்கள் குறைந்தார்கள், அந்த எண்களை வைத்து யோசனை சொல்லும் கணக்காளர்களும் நிதி ஆய்வாளர்களும் பெருகினார்கள்.

ஆகவே தாளின் மறுபக்கத்தில் உங்கள் ஒரு வார வேலையைத் துண்டு துண்டாக எழுதுங்கள். தொழிலின் பெயரை எழுதாதீர்கள், செய்த செயல்களை எழுதுங்கள். எது எத்தனை மணி நேரம் என்று குறியுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு கேள்விகள்: இது மலிவாகிவிட்டால் மக்கள் இதை இன்னும் அதிகமாகக் கேட்பார்களா? கேட்டால், மிச்சமிருக்கும் பகுதிக்கு நான் தேவைப்படுவேனா? செயற்கை நுண்ணறிவைப் பற்றி என்னிடம் கேட்கும் இளையவர்களுக்கு நான் தரும் பதிலும் இந்த இரண்டு கேள்விகள்தான்.

கெட்ட ஆண்டில் தொடங்குபவர்களுக்கு

படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்றைய சம்பளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் விற்கப்போவது நான்கு ஆண்டு கழித்த சந்தையில். பொறியாளர் தட்டுப்பாட்டில் சம்பளம் ஏறும், எல்லோரும் அதிலேயே சேர்வார்கள், ஒன்றாக வெளியே வந்து சந்தையை நிரப்புவார்கள், சம்பளம் விழும், அடுத்த கூட்டம் வேறு பக்கம் ஓடும். ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற பொருளாதார அறிஞர் 1970-களிலேயே இந்தச் சுழலை விவரித்திருக்கிறார். 2014-இல் எண்ணெய்ப் பொறியியலில் சேர்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

மந்தநிலையில் பட்டம் பெற்று வெளியே வருபவர்களுக்கு வேறொரு செய்தி இருக்கிறது, அதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை என்பது என் வருத்தம். கனடாவில் பட்டதாரிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வின்படி, மந்தநிலையில் வேலைக்குச் சேர்ந்தவர்களின் வருமானம் தொடக்கத்தில் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்தது. ஐந்து ஆண்டுகளில் அந்தப் பள்ளம் பாதியானது, பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய மூடியது. எப்படி மூடியது என்பதுதான் முக்கியம். முதலில் கிடைத்த சிறிய இடத்திலிருந்து நல்ல நிறுவனங்களுக்கு மாறியவர்கள் மீண்டார்கள். ஆகவே கெட்ட ஆண்டில் கிடைத்த வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் நன்றிக்கடன் என்று நினைத்து அங்கேயே தங்கிவிடாதீர்கள். காலம் தெளிந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நகருங்கள்.

நகர வழியில்லாத அமைப்பில் என்ன ஆகும் என்பதை ஜப்பான் காட்டியது. அங்கே பெரிய நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளை ஆண்டுக்கொரு முறை மொத்தமாக எடுக்கும். அந்த வாயிலைத் தவறவிட்டால் பிறகு நுழைவது கடினம். 1990-களின் சரிவுக்காலத்தில் அதைத் தவறவிட்டவர்களுக்காக, அவர்கள் முப்பதுகளின் நடுவிலும் நாற்பதுகளிலும் இருந்தபோது, 2019-இல் அரசு தனித் திட்டம் அறிவிக்க வேண்டியிருந்தது.

முன்னறிகுறிகள்

எங்கள் துறையில் தொடக்க நிலை வரைபடம் போடும் குழுவினர் சும்மா உட்கார்ந்தால், ஓராண்டுக்குள் கொத்தனாருக்கும் வேலை இருக்காது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் மாதந்தோறும் வெளியிடும் குறியீட்டெண், வரைபட அலுவலகங்களுக்கு வேலை கூடுகிறதா குறைகிறதா என்பதைத்தான் அளக்கிறது. கட்டுமானம் அதை ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் பின்தொடர்கிறது என்பார்கள். 2007-இன் இறுதியிலேயே எங்கள் தொடக்கக் குழுவினர் பழைய கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்தேன், பொருள்படுத்தவில்லை. உங்கள் துறையிலும் இப்படி முதலில் காய்வது எது என்று கண்டுபிடியுங்கள்.

எந்தத் துறைக்கும் பொதுவானவை சில உண்டு. ஓவர்டைம் நிற்கும். தற்காலிகப் பணியாளர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. ராஜினாமா செய்தவரின் இடம் காலியாகவே இருக்கும். முப்பது நாளில் வந்த பில் தொகை அறுபது நாளில் வரும். இவற்றில் இரண்டு ஒன்றாகத் தெரிந்தால் புதிய கடன் எதையும் வாங்காதீர்கள். என்னிடம் நான்கு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருந்தது, வேலையில்லாமல் இருந்தது பதினான்கு மாதம். ஊற்று கடனிலோ முதலீட்டாளரிடமோ இருப்பவர்கள் ஒரு வருடச் செலவையாவது சேர்த்துவைக்க வேண்டும் என்பேன். அது முடியாதென்றால் மாதாந்தரக் கடமைகளைக் குறைத்துவைக்கலாம்.

பணவீக்கக் காலத்துக்கு ஒரு சிறு எச்சரிக்கை. அங்கே ஆபத்து வேலை போவது அல்ல, வேலை இருக்கும்போதே சம்பளம் கரைவது. பிரிட்டனில் 2022 அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதமாக இருந்தது. மூன்று ஆண்டுக்கு ஒரே தொகை என்று ஒப்பந்தம் போட்டிருந்தவரின் நிலையை எண்ணிப்பாருங்கள். அந்தக் காலங்களில் ஒப்பந்தத்தைக் குறுகியதாக வையுங்கள், அல்லது விலைவாசியோடு தொகை ஏறும் என்ற விதியை எழுதி வாங்குங்கள்.

ஒரு காலை ஊன்றி மறு காலை எடுங்கள்

மாற வேண்டியிருந்தால் திறமை, ஊற்று இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். திறமையை வைத்துக்கொண்டு ஊற்றை மாற்றுங்கள், அல்லது ஊற்றை வைத்துக்கொண்டு திறமையை மாற்றுங்கள். முதல் ஆறு மாதம் நான் இதற்கு நேர்மாறாக, எனக்குத் துளியும் தொடர்பில்லாத படிப்பு ஒன்றில் சேர்ந்து பணத்தையும் தன்னம்பிக்கையையும் செலவழித்தேன். பிறகுதான் புத்தி தெளிந்தது. எனக்கு வரையத் தெரியும். புதுக் கட்டடம் கட்ட யாரும் இல்லை, ஆனால் ஏற்கனவே நிற்கும் கட்டடங்கள் ஒழுகிக்கொண்டும் விரிசல் விட்டுக்கொண்டும்தான் இருக்கின்றன. கட்டடம் மூப்படைவதை எந்த வட்டி விகிதமும் நிறுத்தாது. பழைய மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் அளந்து, பழுதுகளைக் குறித்து வரைபடம் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தேன். பராமரிப்பு நிதியிலிருந்து வரும் பணம் அது. அளவில் சிறியது, ஆனால் நிற்காமல் வருவது. ஆறு ஆண்டு கழித்து, அதே ஊற்றில் இருந்துகொண்டே, லேசர் கருவியால் அளக்கும் முறையைக் கற்றேன். டேப்பைப் பிடித்து அளந்த பல நாள் வேலை ஒரே நாளில் முடிய ஆரம்பித்தபோது, கருவியை இயக்குபவராக நான் இருந்தேன்.

உங்கள் தாளில் இனி ஒரு வேலைதான் பாக்கி. உங்கள் திறமையை வேறோர் ஊற்றிலிருந்து பணம் பெற்றுச் செய்துகொண்டிருக்கும் இரண்டு பேரின் பெயரை ஓரத்தில் எழுதுங்கள். எனக்கு அந்தக் குழாய் வரையும் தோழி இருந்தாள். பதினான்கு ஆண்டு நட்பில் அவளுடைய அலுவலகத்துக்கு யார் பணம் தருகிறார்கள் என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவரை இந்த வாரமே அழையுங்கள். வேலை கேட்க வேண்டாம். அவர்கள் இடத்தில் இப்போது எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள் என்று மட்டும் கேட்டு, பதிலைத் தேதியோடு அந்தத் தாளிலேயே குறித்துவையுங்கள்.